இந்த வீட்டில் வேறு மண் இல்லை

1

கொழும்பில் இருந்து கனடாவுக்கு வருபவர்களிடம் பொட்டலம் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கும் கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிளகாய்த்தூள் இங்கே கிடைக்கும். நெத்தலி கிடைக்கும். பனங்கட்டி, புழுக்கொடியல் எல்லாம் ஸ்காபரோவில் ஒரே தெருவில் வாங்கலாம். அதற்கு மேல் நீங்கள் வைத்துக் கட்டி அனுப்பும் சாமான் எங்களுக்கு வேண்டாம்.

போன கிழமை அக்கா வெள்ளவத்தையில் இருந்து போன் எடுத்தாள்.

"தம்பி, எங்கட மாடியில இருக்கிற ஒருத்தர் அங்க வாறார். ஒரு சின்னச் சாமான் குடுத்து விடுறன்."

என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது. கடல் தண்ணீர்த் தொட்டி. அது எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பொட்டலத்தைக் கட்டுங்கள்.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு வத்தளைப் பக்கம் கடல் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு இடத்தில் பொதி கட்டும் வேலை. சாப்பிடும் மீன் இல்லை. வெளிநாட்டுக்காரர் கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்க்கும் மீன். பொலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதிக்கு ஒட்சிசன், வாயில் இரண்டு றபர் பாண்ட். பையை பஞ்சு மாதிரி லேசான ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, மூடியை ஒட்டி, வான் வண்டியில் ஏற்றினால் எங்கள் வேலை சரி. மீன் விமானம் ஏறிவிடும்.

நாங்கள் பஸ் ஏறுவது அவ்வளவு சுலபம் இல்லை. காலையில் நீர்கொழும்பு ரோட்டு பஸ். களனிப் பாலத்தில் ஆமி நிறுத்தும். நாங்கள் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். "ஐ.டி. எக்க கோ?" என்று சிங்களத்தில் அட்டை கேட்பான் என்னிலும் சின்னப் பெடியன். அட்டையைப் பார்ப்பான். கொழும்பில் எத்தனை நாளாக இருக்கிறாய் என்று கேட்பான். பிறந்த நாளில் இருந்து என்பேன். அடுத்த நாளும் கேட்பான். அடுத்த நாளும் அதையே சொல்வேன்.

மீன் பெட்டிக்கு ஒரே ஒரு கடதாசி. அதில் ஒரு முத்திரை. அது ஜெர்மனிக்குப் போய்விடும்.

என்னோடு பொதி கட்டியவன் மாளிகாவத்தை நஸீர். நான் பிந்தி வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் பெரிய பையாகப் பார்த்து எடுப்பான். "வா ராசன், நீயும் இதுக்குள்ள எறங்கு. நான் ஒட்சிசன் அடிச்சி உடுறன்."

"றபர் பாண்டை இறுக்கிப் போட்டிடாத."

"பயப்படாத. ஒனக்கு மூணு போடுறன், ரிட்டர்ன் வராம."

கடைசியில் நான் கனடாவுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்பது வேறு கதை. ஒட்சிசன் இல்லாமல் வந்தேன், அவ்வளவுதான்.

3

இங்கே பதினான்காவது மாடியில் இருக்கிறோம். நான், மனைவி வதனி, மகன் நிரோஜன். எனக்குப் பாண் சுடும் பேக்டரியில் தட்டுக் கழுவும் பகுதியில் வேலை. வதனி முதியோர் இல்லம் ஒன்றில் சமையலுக்கு உதவி. நிரோ இங்கே பிறந்தவன்.

நிரோ காலேஜுக்குப் போனான். முதல் வருசம் முடிய முன் நிறுத்தினான். ஏன் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றான். அறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். அதன் பிறகு நாங்கள் பார்த்தது அந்தக் கதவைத்தான். வதனி சாப்பாட்டைத் தட்டில் போட்டு வாசலில் வைப்பாள். சில நாள் எடுப்பான். சில நாள் எடுக்கமாட்டான். நான் வேலையால் வந்து கதவைப் பார்ப்பேன். தட்டலாமா என்று யோசிப்பேன். கையைத் தூக்குவேன். பிறகு குளிக்கப் போவேன்.

இங்கே டொக்டரிடம் போகலாம் என்றார்கள். போன் எடுத்தேன். பெடியனுக்கு வயது வந்துவிட்டது, அவனே எடுக்க வேண்டும் என்றார்கள். அவன் கதைக்கிறான் இல்லை, அதுதான் பிரச்சினை என்றேன். அவனே எடுக்க வேண்டும் என்று திரும்பவும் சொன்னார்கள். போனை எறிந்தேன். கட்டிலில் விழுந்ததால் உடையவில்லை.

ஒரு சனிக்கிழமை கதவு திறந்தது. தாடியோடு வந்து நின்றான்.

"அப்பா, வான் ஒண்டு எடுக்கலாமா?"

யாரோ வீடு மாறுகிறார்களாம். பழைய மீன்தொட்டியைச் சும்மா கொடுக்கிறார்களாம். எதற்கு என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். பேக்டரியில் ஒருவனிடம் வானை வாங்கினேன். லிப்டில் பெரிய சாமான் ஏற்ற முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கீழே மறித்தார்கள். எழுதிக் கொடுக்க அலுவலகம் பூட்டு. சனிக்கிழமை. நானும் அவனும் தொட்டியைப் படியால் தூக்கினோம். பதினான்கு மாடி. ஒவ்வொரு வளைவிலும் "அப்பா, மெதுவா" என்றான். அவ்வளவு நேரம் அவன் என்னோடு கதைத்து ஒரு வருசம் இருக்கும்.

4

எனக்குத் தெரிந்த தொட்டியில் மணல் கிடையாது. வத்தளையில் எல்லாம் வெறும் தொட்டி. மணல் போட்டால் மீன் ஒளிக்கும், பிடிக்க நேரம் போகும். நிரோவோ மூட்டை மூட்டையாக மணல் வாங்கி வந்தான். வெள்ளை மணல். சீனி மாதிரி மெல்லிசு. ஆறு அங்குலம் போடப் போகிறேன் என்றான்.

"ஆறு அங்குலமா? விசரா? நாங்கள் ஒரு நாளும் மணல் போட்டதில்லை."

"நீங்கள் மீன் வித்தனீங்கள் அப்பா. நான் வளர்க்கப் போறன்."

கன்னத்தில் அடித்தமாதிரி இருந்தது. ஆனால் கதைக்கிறான். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

முதலில் கல். தொட்டியின் அடிக் கண்ணாடியில் பிளாஸ்டிக் பைப் துண்டுகளை நிறுத்தி, அதன் மேல் கல்லை வைத்தான். மணலைப் போட்டுவிட்டு மேலே கல் வைத்தால், உள்ளே கிண்டும் பூச்சிகள் அடியை அரித்துக் கல் சரிந்துவிடுமாம். பிறகு மணல். பிறகு உப்புத் தண்ணீர். மணல் கிளம்பாமல் இருக்க நடுவில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைத்து அதன் மேல் ஊற்றினோம். அப்படியும் தொட்டி பால் மாதிரி ஆகிவிட்டது. தெளிய நாள் எடுத்தது. குழாய்த் தண்ணீர் தொடக்கூடாது. வடிகட்டிய தண்ணீரைக் கடையில் வாங்கி, கான் கானாகத் தூக்கினோம்.

அவனுக்குத் தெரிந்த ஒருவரின் பழைய தொட்டியில் இருந்து ஒரு கப் மணல் கொண்டுவந்து மேலே தூவினான். அந்த மணலில் உயிர் இருந்தது. மயிர் போலப் புழுக்கள். கடுகு மாதிரிப் பூச்சிகள். மேல் மணலில் காற்று இருக்குமாம். அடி மணலில் காற்று இருக்காதாம். காற்று இல்லாத இடத்தில் இருக்கும் கிருமிகள் மீனின் அழுக்கை வாயுவாக மாற்றி விட்டுவிடுமாம். சின்னக் குமிழியாக மேலே வரும். மணலே தொட்டியைக் கழுவும்.

"ஒரே ஒரு ரூல்தான் அப்பா. மணலைத் தொடக்கூடாது. கிண்டினா அடியில இருக்கிற நஞ்சு மேல வந்திடும்."

தொட்டி இரும்புச் சட்டம் போட்ட ஸ்டாண்டில் நின்றது. கீழே குனிந்து தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தால் அடிக் கண்ணாடி தெரியும். மணலுக்குள் புழு போட்ட பாதைகள் தெரியும். வேலையால் வந்து இரண்டு பேரும் நிலத்தில் படுத்துப் பார்ப்போம். "அங்க பாருங்கோ, புதுசு" என்பான். வதனி தேத்தண்ணியோடு வந்து, "ரெண்டு விசருகளும் நிலத்தில" என்பாள். அவள் சிரித்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு கோமாளி மீன் விட்டான். நத்தைகள் விட்டான். விரல் நுனி அளவு பவளத் துண்டுகளைக் கல்லில் ஒட்டினான். பிறகு ஒரு றால் வாங்கி வந்தான். சிவப்பு முதுகு, நடுவில் வெள்ளைக் கோடு, நீள மீசை. எனக்குத் தெரிந்த றால். வத்தளையில் அதை ஒவ்வொன்றாகத் தனிப் பையில் போடுவோம், சேர்த்துப் போட்டால் மீசை உடையும் என்று. எந்த நாட்டு றால் என்று கடையில் கேட்டானாம். சிறீலங்கா என்றார்களாம்.

"உங்கட ஆள் அப்பா" என்றான்.

வளர்ப்பு மீன் கடையில் பகுதி நேர வேலை எடுத்தான். தாடியை எடுத்தான். செப்டெம்பரில் திரும்பப் படிக்கப் போகிறேன் என்று அவனாகவே சொன்னான். அறைக் கதவு திறந்து கிடந்தது.

5

அந்தக் கிழமைதான் கொழும்பு போய்வந்த ஒருவரிடம் அக்கா கொடுத்துவிட்ட பொட்டலம் வந்தது. மிளகாய்த்தூள், நெத்தலி, வதனிக்கு ஒரு சீலை. நான் கவனிக்கவில்லை.

முதலில் நத்தை. கண்ணாடியில் ஏறி நிற்பவை கீழே விழுந்து மல்லாந்து கிடந்தன. நிரோ நிமிர்த்தி வைத்தான். திரும்ப விழுந்தன. பவளம் சுருங்கிக்கொண்டது. மணலுக்குள் புதுப் பாதை இல்லை. பழைய பாதையில் புழு இல்லை. ஒரு நாள் காலை றால் பக்கவாட்டில் கிடந்தது. கால் மட்டும் ஆடியது. நான் வேலைக்குப் போய் வந்தபோது கால் ஆடவில்லை.

மீன் இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்தின.

"ஊருறதெல்லாம் சாகுது. மீன் சாகேல்லை. இது செம்பு" என்றான் நிரோ. மருந்துத் துளி விட்டுத் தண்ணீரைச் சோதித்தான். நிறம் மாறியது. செம்புதான். மீன் கொஞ்சம் தாங்கும். எலும்பில்லாத உயிர் தாங்காது.

என்னைப் பார்த்தான்.

"அப்பா, குழாய்த் தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லை."

"ஷுவரா?"

"இல்லை எண்டு சொன்னால் இல்லை."

"இந்தக் கட்டிடம் முழுக்கச் செம்புப் பைப். ஒருத்தரும் ஊத்தாமல் எப்பிடி வந்தது?"

வதனி குசினியில் நின்றாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பைப்பைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினாள்.

என் மகன் என் சொல்லை நம்பவில்லை. அந்தக் கோபத்தை அவனில் காட்ட முடியாது. காட்டினால் கதவு சாத்திவிடும். ஆகவே நான் கட்டிடத்தோடு சண்டைக்குப் போனேன்.

6

கீழே அலுவலகத்தில் ஒரு பெண் இருப்பாள். நான் போனேன். என் இங்கிலிஷ் பேக்டரி இங்கிலிஷ். தட்டு, சூடு, கவனம், முடிந்தது. அதை வைத்துக்கொண்டு உங்கள் பைப்பால் என் பிராணிகள் சாகின்றன என்று சொன்னேன்.

"பிராணி வளர்ப்பதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும்" என்றாள். "என்ன பிராணி?"

"புழு."

"எத்தனை?"

"ஆயிரம். கூடவும் இருக்கலாம்."

பேனையைக் கீழே வைத்தாள். "மற்ற வீடுகளுக்கும் பரவியிருக்கிறதா?"

"இல்லை. எல்லாம் செத்துவிட்டது."

அதற்கு அவள் நல்லது என்றாள். நான் மேசையில் கையால் அடித்தேன். எழுதிக்கொண்டாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

இரண்டு நாளில் ஆள் வந்தது. இரண்டு பேர். முகத்தில் மூடி, முதுகில் மருந்து அடிக்கும் பீப்பா. புழு வந்த வீடு இதுதானா என்று கேட்டார்கள். வதனி கதவை மறித்துக்கொண்டு தமிழில் ஏசினாள். அவர்களுக்கு விளங்கியது. போய்விட்டார்கள்.

பிறகு நான் திரும்பப் போய்க் கத்தினேன். திரும்ப எழுதிக் கொடுத்தேன். கடைசியில் தண்ணீர் சோதிக்க ஒருவன் வந்தான். குழாயில் பிடித்துக்கொண்டு போனான். தண்ணீரில் பிழை ஒன்றும் இல்லை, குடிக்கலாம் என்று கடிதம் வந்தது. பொய்க் கடிதம் என்று அவளிடமே சொன்னேன்.

இப்போதும் லிப்டில் கண்டால் "உங்கள் தண்ணீர் எப்படி?" என்று கேட்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

7

நிரோ செம்பை எடுக்கும் கரிப் பொடியை வாங்கிப் போட்டான். செம்பு இறங்கும். அடுத்த கிழமை ஏறும். திரும்பப் போட்டான். திரும்ப ஏறியது.

"உள்ளுக்குள்ள இருந்து வருது" என்றான். "மணல் செம்பைப் பிடிச்சு வைச்சிருக்கும். கழுவ ஏலாது. முழுக்க எறிய வேணும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போனான். கதவு சாத்தியது. கடைக்கும் போகவில்லை. தட்டு திரும்ப வாசலுக்கு வந்தது. காலேஜில் இருந்து ஒரு கடிதம் வந்து மேசையில் கிடந்தது. அவன் உடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு நான் கதவைத் தட்டினேன். அந்த ஒரு முறைதான்.

"நாறுது. வா, எடுத்து எறிவம்."

வந்தான். மீனை வாளிக்கு மாற்றினோம். யன்னலைத் திறந்தோம். நான் கோப்பையால் மணலை அள்ளி அள்ளிப் பையில் போட்டேன். அடி மணல் கறுப்பு. கூழ் முட்டை மணம். அவன் பின் மூலையில் கையை விட்டுக் கிண்டினான். நின்றான். வெளியே எடுத்தான்.

உள்ளங்கை அளவில் ஒரு தகடு. பச்சை பிடித்து, ஓரம் தின்று போயிருந்தது.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. கட்டம் போட்டு, எழுத்து வெட்டி, பூசையில் வைத்து எடுக்கும் செப்புத் தகடு. வீட்டு வாசலில் மண்ணுக்குள் தாட்டு வைப்பார்கள். காவலுக்கு.

திரும்பிப் பார்த்தேன். வதனி குசினி வாசலில் நின்றாள்.

"அக்கா தந்து விட்டவ" என்றாள். "மிளகாய்த்தூள் பைக்குள்ள வைச்சு. மண்ணுக்குள்ள தாட்டு வைக்கச் சொன்னவ. வெளியில வைக்கக்கூடாதாம்."

"அதுக்கு?"

"அதுக்கு எண்டால்? பதினாலாம் மாடியில எங்க தாட்டு வைக்கிறது? சீமெந்திலயா, காப்பட்டிலயா? இந்த வீட்டில வேற மண் எங்க இருக்கு?"

"செம்பு, செம்பு எண்டு அவன் இவ்வளவு நாள் கத்தினான். உனக்குக் கேக்கேல்லையா?"

"கேட்டது." அழவில்லை. என்னை நேரே பார்த்தாள். "சாமித் தகடு கொல்லும் எண்டு நான் நினைக்கேல்லை. எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்தனான். இண்டைக்கு முன்னம் நீங்கள் ஒருநாள் எண்டாலும் அந்தக் கதவைத் தட்டினீங்களா? நான் ஏதோ ஒண்டு செய்தனான்."

மணல் கோப்பையை நிலத்தில் வைத்தேன்.

நிரோ தகட்டைத் துடைத்தான். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். அவனுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் கூட்டிப்போகவில்லை. சனிக்கிழமை பேக்டரியில் மேலதிக வேலை.

"என்ன எழுதியிருக்கு?"

நான் மணல் பையின் வாயைக் கட்டத் தொடங்கினேன்.

"அப்பா. என்ன எழுதியிருக்கு?"

"உன்ர பேர்."

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குள் போனான். கதவு சாத்தியது. வாளியில் மீன் இரண்டும் சுற்றிக்கொண்டு நின்றன.

8

அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுத்த வீச்சில் கத்தினேன். கொட்டாஞ்சேனையில் ஏதோ ஒரு சாத்திரி சொன்னான் என்று செய்வித்தாளாம். கொழும்பில் இருந்த றால் இங்கே வந்து உயிரோடு இருந்தது, உன் தகடு வந்து அதைக் கொன்றது என்றேன். பிள்ளை திரும்ப அறைக்குள் போய்விட்டான் என்றேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நல்லது. பிள்ளைக்கு வந்ததை அதுகள் எடுத்திட்டுது."

இதற்கு யார் பதில் சொல்வது? தகடு வேலை செய்தால் தகட்டின் சக்தி. எல்லாம் செத்தால் அதுவும் தகட்டின் சக்தி.

"கொட்டாஞ்சேனை வீட்டு வாசலிலயும் தகடு இருந்ததுதானே" என்றேன். "அப்பா தாட்டது. அண்ணாவை எந்த வாசலால கொண்டு போனவங்கள்?"

அண்ணாவைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் அவனை அந்த வாசலால்தான் கூட்டிப்போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். விட்டார்கள், மாதக் கணக்கு ஆனபின். வந்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். என்னோடு ஒரே அறையில் படுத்தவன். நான் வெளியில் பாயைப் போட்டேன். அக்காதான் சாப்பாட்டை வாசலில் வைப்பாள். சில நாள் எடுப்பான். சில நாள் எடுக்கமாட்டான். ஒரு நாள் காலை எழும்பி முகம் கழுவி, சேட்டுப் போட்டு, வெளியே போனான். பிறகு வரவில்லை. அம்மா பொலிசுக்கும் ஆசுப்பத்திரிக்கும் நடந்தாள். ஒரு இடத்திலும் அவன் இல்லை.

"தம்பி" என்றாள் அக்கா. "உன்ர மனிசி போனில என்ன சொன்னவள் தெரியுமா? அறைக்குள்ளயே இருக்கிறான் மச்சாள், கதைக்கிறான் இல்லை, தட்டை வாசலில வைக்கிறன் எண்டு. நான் கேட்டுக்கொண்டு என்னெண்டு இருக்கிறது? அங்க வர விசா கேட்டன், தரமாட்டம் எண்டவங்கள். வேற என்ன செய்ய? சொல்லு. நீ என்ன செய்தனீ?"

நான் போனை வைத்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அதை வைக்க ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது.

9

இரண்டு நாள் கழித்து வேலையால் வந்தேன். நிரோவின் அறையில் குரல் கேட்டது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. போனில் கதைக்கிறான். தமிழில்.

"ஓம் மாமி. நான்தான். அம்மாட்ட நம்பர் வாங்கினனான்... ஓம், சாப்பிட்டன்... இல்லை மாமி, கோவம் இல்லை. கொஞ்சம் கோவம்... ஓம், றால் செத்திட்டுது. நத்தையும்தான்."

அக்கா ஏதோ நீளமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு இருந்தான். பிறகு கேட்டான்: "அண்ணா எண்டால், அப்பாக்கு அண்ணாவா? எனக்குப் பெரியப்பாவா? அப்பா ஒருநாளும் சொல்லேல்லையே."

நான் வாசலில் சப்பாத்தோடு நின்றேன். நான் சொல்லாததை எல்லாம் வெள்ளவத்தையில் இருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மகன் என்னோடு ஒரு வருசத்தில் கதைக்காத கதையை அவளோடு ஒரு பின்னேரத்தில் கதைத்தான். அதுவும் எனக்குக் கோபம்தான்.

கடைசியில் சிரித்தான். "மாமி, இன்னொருக்காச் செய்யிறதெண்டால் செம்பு வேண்டாம். பிளாஸ்டிக்கில எழுதுங்கோ."

பகிடிக்குச் சொன்னான். நானும் பகிடி என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவன் மேசையில் இருந்து சாப்பிட்டான். காலேஜ் கடிதத்தை உடைத்து வாசித்தான். திகதி போய்விட்டது, அடுத்த தவணைக்கு எழுதலாம் என்று இருந்ததாம். எழுதுவானா என்று நான் கேட்கவில்லை.

10

மேலே எழுதியதை எழுதும்போது அக்காவின் பொட்டலம் வரவில்லை. நேற்று வந்தது.

நான் தொடவில்லை. நிரோ உடைத்தான். நெத்தலிக்கு நடுவில் ஒரு உறை. அதற்குள் ஒரு தாள், பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்தது. கட்டம், எழுத்து எல்லாம் கையால் எழுதி, காலி வீதியில் போட்டோக்கொப்பி அடிக்கும் கடையில் கொடுத்து ஒட்டுவித்திருக்கிறாள். பெடியன் பகிடி விட்டது அவளுக்குப் பகிடியாகத் தெரியவில்லை.

நிரோ ஓரத்தைத் தடவிப் பார்த்தான். "நல்லா ஒட்டியிருக்கு. தண்ணி போகாது. செம்பும் இல்லை."

"எறி அதை" என்றேன்.

"ஏன் எறிய? அம்மா, புது மணல் எங்க?"

தொட்டியை உரஞ்சிக் கழுவி வைத்திருந்தான். கல்லும் புதுக் கல். தாளைத் தொட்டியின் வெறும் அடிக் கண்ணாடியில், எழுத்துப் பக்கம் கீழே பார்க்க வைத்தான். அதன் மேல் பைப் துண்டுகளை நிறுத்தினான். கல்லை வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, மூட்டை."

"என்னால ஏலாது. இந்த விசர் வேலைக்கு நான் இல்லை."

"பாரம் அப்பா. நான் கல்லைப் பிடிச்சிருக்கிறன். நீங்கள்தான் கொட்ட வேணும்."

வதனி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மூட்டையின் வாயை வெட்டித் தந்தாள்.

நான் கொட்டினேன். ஆறு அங்குலம் வரும்வரை கொட்டினேன். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை வேலைக்குப் போக முன் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கீழே குனிந்தேன். தலையை ஸ்டாண்டுக்குள் விட்டு மேலே பார்த்தேன். கண்ணாடியில் வெள்ளை மணல். நடுவில் அந்தத் தாள். அக்காவின் கையெழுத்து. நிரோஜன் என்று இருந்தது. அதற்குக் கீழே, இடம் காணாமல் நெருக்கி, இன்னொரு பெயர். நிரோவால் அதை வாசித்திருக்க முடியாது.

என்னுடைய பெயர்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இப்போது எடுக்கவும் முடியாது. மணலைத் தொடக்கூடாது.

முதலில் சொன்னதைத்தான் திரும்பவும் சொல்கிறேன். பொட்டலம் கொடுத்துவிடாதீர்கள்.